முதலைக்கு முன்னால் அரை மணி நேரம்

(தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளை மிருகக்காட்சிசாலைக்கு அழைத்துப் போகிறீர்களா? ஒரு நாளைக்கு ஒரு மிருகம் போதும். மிஞ்சிப் போனால் இரண்டு. இதைச் சொன்னதும் ஆசிரியர்கள் பார்க்கும் பார்வை எனக்குப் பழகிப்போன ஒன்று. "தலைக்கு இவ்வளவு என்று வசூல் பண்ணி, பஸ் பிடித்து, வண்டலூர் வரைக்கும் போய் ஒரே ஒரு மிருகமா? பெற்றோருக்கு என்ன பதில் சொல்வது?" நியாயமான கேள்விதான். பெற்றோருக்குச் சொல்ல ஒரு பதிலோடு உங்களை அனுப்பிவைக்கிறேன்.

வழக்கமான சுற்றுலா எப்படி நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா 602 ஹெக்டேர். எட்டு வயதுப் பிள்ளையின் காலுக்கு அது ஒரு தாலுகா. வரிசையில் கை கோத்துக்கொண்டு, முன்னால் ஒரு டீச்சர் விசில், பின்னால் ஒரு டீச்சர் அதட்டல் என்று போகிறார்கள். புலி தூங்குகிறது, அடுத்தது. நீர்யானை தண்ணீருக்குள் இருக்கிறது, அடுத்தது. மத்தியானம் புளியோதரையைப் பிரிக்கும்போது பிள்ளைகளுக்கு மிருகங்களின் மேலே இருந்த ஆசை பாதி போய்விடும். மறுநாள் கட்டுரை எழுதச் சொன்னால் "புலி பார்த்தோம், சிங்கம் பார்த்தோம், ஐஸ்கிரீம் சாப்பிட்டோம்" என்று வரும். எந்தக் கூண்டிலும் இல்லாத நாட்டுக் குரங்கு யாருடைய டிபன் பாக்ஸைப் பிடுங்கியது என்பதை மட்டும் ஒரு பக்கத்துக்கு எழுதியிருப்பார்கள். அந்தக் குரங்கைத்தான் அவர்கள் உண்மையில் பார்த்திருக்கிறார்கள்.

உயிரோடு இருக்கும் மிருகம் கூட்டத்தை இழுக்கும் என்பது இந்த ஊரில் ரொம்பப் பழைய கண்டுபிடிப்பு. எழும்பூர் அருங்காட்சியகத்தை நடத்திய எட்வர்ட் பால்ஃபோர் என்ற மருத்துவர், அங்கே கட்டிவைத்திருந்த சிறுத்தையையும் புலியையும் பார்க்க ஜனங்கள் அலைமோதுவதைக் கண்டுதான் 1855-இல் அந்த வளாகத்திலேயே மிருகக்காட்சிசாலையைத் தொடங்கினார். ஓராண்டுக்குள் 300-க்கும் மேற்பட்ட உயிரினங்கள் சேர்ந்துவிட்டன. பிறகு அது பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போனது. மூர் மார்க்கெட் பக்கம் இருந்த அந்தப் பழைய இடத்தைப் பார்த்தவர்கள் இந்த அரங்கில் இருக்கக்கூடும். கிராமத்திலிருந்து வந்தவர்கள் அருங்காட்சியகத்தைச் செத்த காலேஜ் என்றும் இதை உயிர்க் காலேஜ் என்றும் சொல்லிக்கொண்டு போனார்கள். 1985-இல் வண்டலூர் திறக்கப்பட்டது. 1992-இல் மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் வந்தது. அதன் பிறகு மிருகக்காட்சிசாலை என்றால் வேடிக்கை காட்டும் இடம் என்று சட்டப்படியே சொல்ல முடியாமல் போய்விட்டது. பாதுகாப்பும் கல்வியும் அதன் வேலை. எல்லாம் காகிதத்தில் சரிதான். கல்வி எப்படி நடக்கிறது என்பதுதான் நம் விஷயம்.

கூட்டிக்கொண்டு போய்க் காட்டினால் பிள்ளை கற்றுக்கொண்டுவிடும் என்று நாம் நம்புகிறோம். லண்டன் மிருகக்காட்சிசாலையில் எரிக் ஜென்சன் என்ற சமூக ஆய்வாளர் இதைச் சோதித்தே பார்த்துவிட்டார். 7 முதல் 15 வயது வரையிலான 2,800-க்கும் மேற்பட்ட மாணவர்கள். ஆய்வு 2014-இல் வெளியானது. அவர் செய்த வேலை மிக எளிமை. உள்ளே போவதற்கு முன் உனக்குப் பிடித்த காட்டு வாழிடத்தையும் அங்கே வாழும் உயிர்களையும் வரை என்றார். வெளியே வந்ததும் மறுபடியும் வரை என்றார். இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். சும்மா சுற்றிவிட்டு வந்த பிள்ளைகளில் 34 சதவீதம் பேரின் படத்தில் முன்னேற்றம் இருந்தது. மிருகக்காட்சிசாலையின் கல்வியாளர் ஒருவர் கூட இருந்து நடத்தியபோது அது 41 சதவீதம்.

ஆக, கூட ஒருவர் இருந்து நடத்தினால் பலன் கூடுகிறது. இதைச் சொல்லிக் கைதட்டு வாங்குபவர்கள் உண்டு. எனக்கு மீதிப் பிள்ளைகளின் எண்ணிக்கைதான் உறுத்துகிறது. உலகத்தின் மிகப் பழைய அறிவியல் மிருகக்காட்சிசாலையில், பயிற்சி பெற்ற ஆள் நின்று சொல்லிக்கொடுத்தும் பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகளிடம் அப்படி ஒரு முன்னேற்றம் தெரியவில்லை. சொல்லிக்கொடுப்பது மட்டும் போதாது என்றுதான் நான் இதைப் படிக்கிறேன். ஜென்சனின் ஆய்வில் எனக்குப் பிடித்தது அவருடைய முடிவைவிட அந்த இரண்டு தாள்கள். அளவுகோலாக அவர் வைத்திருந்ததை நான் பாடமாகவே எடுத்துக்கொண்டேன்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் இருக்கும் முதலைப் பண்ணை உங்களுக்குத் தெரியும். ரோமுலஸ் விட்டேக்கரும் ஜாய் விட்டேக்கரும் 1976-இல் தொடங்கியது. அங்கே மூன்றாம் வகுப்பு, நான்காம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்காருவதைச் சொல்கிறேன். வாசலுக்கு வெளியே, நிழலில், ஆளுக்கு ஒரு தாள், ஒரு பென்சில். முதலையை வரையச் சொல்கிறோம். ரப்பர் கிடையாது. வருகிற முதலைகளைப் பார்க்க வேண்டுமே! கார்ட்டூனில் வருவது போல நாக்கை நீட்டிக்கொண்டு நிற்கும். மாட்டுக்கு இருப்பது போல நான்கு கால்களும் நேராகக் கீழே இறங்கும். வாயில் பாதி மனிதன் இருப்பான். மீதி பாதி "காப்பாத்துங்க" என்று கத்துவான்.

படங்களை வாங்கி வைத்துக்கொண்டு உள்ளே போகிறோம். மக்கர் என்கிற சதுப்புநில முதலைகளின் குளத்துச் சுவரோரம் எல்லோரையும் உட்கார வைக்கிறோம். முதல் ஐந்து நிமிடம் எந்த வகுப்பை அழைத்துப் போனாலும் ஒரே மாதிரிதான் போகும். "சார், இது பொம்மை." "இல்லடா, செத்துப்போச்சு." கரையில் கிடப்பது கண் இமைப்பதில்லை, வால் அசைப்பதில்லை. ஒரு கை மெதுவாகக் கீழே போய்க் கல்லைத் தேடும். பெரியவர்களே அப்படித்தான் செய்கிறார்கள். உயிர் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள அவர்களுக்கு ஒரு கல்லோ காலி பாட்டிலோ வேண்டியிருக்கிறது. கல்லை வாங்கி வைத்துவிட்டு நான் ஒரு வேலை கொடுப்பேன். அது உயிரோடுதான் இருக்கிறது, எதை வைத்து நான் சொல்கிறேன் என்று கண்டுபிடியுங்கள். பேசக் கூடாது, விரலால் காட்டலாம்.

அதற்குப் பிறகு வரும் பத்து நிமிட அமைதியை நீங்கள் வகுப்பறையில் பார்த்திருக்க மாட்டீர்கள். யாராவது ஒரு பெண் தன் கழுத்தைத் தொட்டுக் காட்டுவாள். ஆமாம், தாடைக்குக் கீழே தோல் ஏறி இறங்குகிறது. இன்னொருவன் கண்ணைக் காட்டுவான். மேலிருந்து கீழே இறங்காமல், பக்கவாட்டில் கண்ணாடிக் காகிதம் போல ஒரு சவ்வு ஓடி மறைகிறது. வாயை மூடியிருக்கும்போதும் கீழ்த்தாடைப் பல் ஒன்று வெளியே தெரிகிறது. கால்கள் உடம்புக்கு அடியில் இல்லை, பக்கத்தில் விரிந்து கிடக்கின்றன. வாயைத் திறந்துகொண்டு கிடக்கும் முதலையில் நாக்கைத் தேடுவார்கள். அது கீழ்த்தாடையோடு ஒட்டியிருக்கிறது. நீட்ட முடியாது. இதை நான் சொல்ல வேண்டியதே இல்லை. தங்கள் படத்தில் இருந்த நீண்ட சிவப்பு நாக்கை நினைத்து அவர்களே சிரித்துக்கொள்வார்கள்.

"ஏன் சார் வாயைத் திறந்தே வச்சிருக்கு?" என்ற கேள்வி கட்டாயம் வரும். இங்கேதான் நாம் நம் நாக்கைக் கட்டிப்போட வேண்டும். உடன் வந்த ஆசிரியர் "உடல் வெப்பத்தைச் சமன்படுத்த" என்று சொல்லிவிட்டால் பேச்சு அதோடு முடிந்தது. வேறு எது இப்படி வாயைத் திறந்துகொண்டு நிற்கும் என்று திருப்பிக் கேளுங்கள். நாய் என்பார்கள். சித்திரை வெயிலில் காக்கா என்பான் ஒருவன். எப்போது என்று கேட்டால் வெயில் என்று அவர்கள் வாயிலேயே வந்துவிடும். அதன் பிறகு நீங்கள் சொல்லும் அந்த ஒரு வரி நெஞ்சில் நிற்கும்.

வேடிக்கை என்னவென்றால், பெரிய ஆராய்ச்சியாளர்களும் இதே குளக்கரையில் இதே வேலையைத்தான் செய்திருக்கிறார்கள். குட்டிகளை வாயில் தூக்கித் தண்ணீருக்குக் கொண்டுபோவது தாய் மட்டும் என்று ஒரு எண்ணம் இருந்தது. ஆண் மக்கரும் கூட்டைத் திறந்து குட்டிகளை வாயில் ஏந்திப் போவதை இங்கே பார்த்து 1986-இல் கட்டுரையாக எழுதினார்கள். விளாதிமிர் டினெட்ஸ் என்பவர், கொக்குகள் கூடு கட்டும் பருவத்தில் இந்தக் குளத்து முதலைகள் மூக்கின் மேல் குச்சிகளை வைத்துக்கொண்டு அசையாமல் கிடப்பதைக் கவனித்தார். குச்சி எடுக்க வரும் கொக்கு என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டாம். 2013-இல் இதை வெளியிட்டார்கள். அது உண்மையிலேயே திட்டம் போட்டுச் செய்வதுதானா என்று வேறு ஆய்வாளர்கள் பிறகு ஐயம் எழுப்பினார்கள். அதையும் பிள்ளைகளிடம் சொல்கிறேன். பெரியவர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கும் ஒரு விஷயத்தில் தங்களுக்கும் கருத்துச் சொல்ல இடமிருக்கிறது என்று தெரிந்தால் நான்காம் வகுப்பு விடாது. "குச்சி தானா விழுந்திருக்கும் சார்" என்று ஒரு கட்சி. "அப்போ ஏன் தலையை ஆட்டித் தள்ளிவிடல?" என்று எதிர்க்கட்சி.

வெளியே வந்து இரண்டாவது படம். கால்கள் விரிந்திருக்கும். நாக்கு போயிருக்கும். மனிதன் அநேகமாகக் காணாமல் போயிருப்பான். ஒரு பையன் முதலையையே விட்டுவிட்டு அதன் பக்கத்தில் நடந்த கொக்கை மட்டும் வரைந்தான். அவனுடைய ஆசிரியை "முதலை எங்கடா?" என்று அதட்டப் போனார். வேண்டாம் டீச்சர் என்று தடுத்தேன். அரை மணி நேரமும் அவன் அந்தக் கொக்கு எப்போது மாட்டும் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தான். கொக்கின் கால் முட்டி அவன் படத்தில் சரியான இடத்தில் இருந்தது.

பாம்பு வேறு விஷயம். அங்கே பார்க்கப் பழக்குவது உயிர் காக்கும் கல்வி. 2000 முதல் 2019 வரை நம் நாட்டில் பாம்புக்கடியில் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் என்று 2020-இல் வந்த ஆய்வு கணக்கிட்டது. ஆண்டுக்குச் சராசரி 58,000. பெரும்பாலும் கிராமத்து மக்கள், அதாவது உங்கள் மாணவர்களின் குடும்பங்கள். இவ்வளவு சாவுக்கும் பெரும்பாலும் காரணம் நான்கு வகை: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். பிள்ளைகள் பாம்பைப் பற்றி ஒன்றும் தெரியாமல் வருவதில்லை, நிறையத் தெரிந்துகொண்டுதான் வருகிறார்கள். பாம்பு பால் குடிக்கும். பழி வாங்கும். கொம்பேறி மூக்கன் கடித்துவிட்டுச் சுடுகாட்டு மரத்தில் ஏறி, பிணம் எரிகிறதா என்று பார்க்கும். அந்தக் கொம்பேறி மூக்கனுக்கு நம்மைக் கொல்லும் விஷமே இல்லை. ஆனால் "மூடநம்பிக்கை" என்று சொல்லி அந்தக் கதைகளை அடித்து உட்கார வைக்காதீர்கள். கதை சொன்னது அந்தப் பிள்ளையின் பாட்டி. முதலில் முழுவதும் சொல்லவிடுங்கள். பிறகு பாம்பு உரித்த சட்டையை மேசையில் வையுங்கள்.

பாம்புச் சட்டையைப் போல மலிவான, அருமையான கற்பித்தல் கருவியை நான் கண்டதில்லை. கையில் கொடுக்கலாம், கடிக்காது. தலைப் பகுதி கிழியாமல் கிடைத்தால் கண் இருந்த இடத்தில் வட்டமாக ஒரு சின்னக் கண்ணாடிச் செதில் இருக்கும். வெளிச்சத்தில் பிடித்துக் காட்டுங்கள். பாம்புக்கு இமை கிடையாது. இந்தச் செதில்தான் கண்ணை மூடியிருக்கிறது, சட்டையோடு அதுவும் கழன்று வருகிறது. "அப்போ தூங்கும்போதும் பாத்துக்கிட்டே இருக்குமா?" என்று கேட்டாள் ஒரு சிறுமி. இதைவிட நல்ல கேள்வியை உங்கள் பாடநூலின் பயிற்சிப் பகுதியில் எனக்குக் காட்டுங்கள்.

உயிருள்ள பாம்பைப் பிள்ளையின் கழுத்தில் போட்டுப் படம் எடுப்பதை நான் அடியோடு வெறுக்கிறேன். பயம் போக்குகிறோம் என்கிறார்கள். வயலில் பாம்பைக் கண்டால் எட்டு வயதுப் பிள்ளைக்குப் பயம் இருக்கத்தான் வேண்டும். அலறாத பயம், தள்ளி நிற்கிற பயம். இரவில் டார்ச், காலில் செருப்பு, விறகுக் குவியலில் கை விடாமை, கடித்தால் கீறாமல், இறுக்கிக் கட்டாமல், மந்திரிக்க அலையாமல் நேராக அரசு மருத்துவமனை. பாம்பு வகுப்பு முடிந்து போகும்போது இவ்வளவுதான் அவர்கள் ஒப்பிக்க வேண்டும். இதே வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் விஷம் எடுத்துக் கொடுக்கிறது. நச்சுமுறி மருந்துக்கு மூலப்பொருள் அதுதான். அந்தச் சமூகத்தின் வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. பள்ளிக்கூடப் படிப்பால் வந்த அறிவு இல்லை அது. மண்ணில் தடம் பார்த்து, எந்த வளையில் எந்தப் பாம்பு என்று சொல்லும் அறிவு. உங்கள் வகுப்பில் இருளர் வீட்டுப் பிள்ளை இருந்தால் அன்றைக்கு அவன் பேசட்டும், நீங்கள் கேளுங்கள்.

இப்படிப் பேசவேண்டிய இன்னொருவர், மிருகங்களுக்குச் சாப்பாடு போடுகிற கீப்பர். அவர் மைக் முன்னால் வரக் கூச்சப்படுவார், வற்புறுத்தி அழையுங்கள். புலிக்கு வாரத்தில் ஒரு நாள் சாப்பாடு கிடையாது, பல மிருகக்காட்சிசாலைகளில் இது வழக்கம். இதை ஒரு கீப்பர் சொன்னபோது "எங்க பாட்டியும் சனிக்கிழமை விரதம்" என்றது ஒரு பிள்ளை. அவர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, காட்டில் புலிக்கு நினைத்தபோதெல்லாம் இரை மாட்டாது, நாலைந்து நாள் கூடப் பட்டினி கிடக்கும், அந்த வயிற்றுக்குத் தினமும் போட்டால் கொழுத்துவிடும் என்று விளக்கினார். நான் சொல்லியிருந்தால் இவ்வளவு தெளிவாக வந்திருக்காது.

முகமூடி, நாடகம் எல்லாம் வேண்டாமா என்று கேட்பீர்கள். ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்குத் தாராளமாக வேண்டும். 1985-இல் ஜூ அவுட்ரீச் அமைப்பைத் தொடங்கிய சாலி வாக்கர் அம்மையார் கோயம்புத்தூரிலிருந்து இந்த வேலையைப் பல ஆண்டுகள் செய்தார். வௌவால் முகமூடி, கையில் கட்ட ராக்கி, வாசக அட்டை எல்லாம் ஒரு உறைக்குள் போட்டு ஆசிரியர்களுக்கு அனுப்பினார்கள். புலிக்கும் யானைக்கும் வக்காலத்து வாங்க ஆயிரம் பேர். வௌவாலுக்கும் தவளைக்கும் யார் இருக்கிறார்கள்? அந்த உறைகள் அவற்றுக்காகவும் பேசின. ஆனால் கடைசியில் எல்லோரையும் நிற்க வைத்து, கையை நீட்டி, "வன விலங்குகளைக் காப்போம்" என்று உறுதிமொழி எடுக்க வைப்பது இருக்கிறதே, அதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஏழு வயதுப் பிள்ளை எந்தக் காட்டைக் காப்பாற்றும்? வீட்டு மதில் ஓணானை அடிக்காமல் இருந்தால் போதாதா?

இனிக் கஷ்டமான பகுதி. ஒரு முறை கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று ஒரு இரண்டாம் வகுப்புப் பிள்ளை கேட்டது: "மிஸ், அது என்ன தப்பு பண்ணுச்சு?" கூண்டில் அடைத்தால் தப்பு செய்திருக்க வேண்டும் என்று பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது. உடன் இருந்த ஆசிரியை "அதுக்கு இங்க ஜாலியா இருக்கு" என்று சொல்லிவிட்டார். அது பொய், பிள்ளைக்கும் அது பொய் என்று தெரிந்தது, முகத்தைப் பார்த்தேன்.

உண்மையைச் சொல்லலாம், தாங்கிக்கொள்வார்கள். எழுபதுகளில் நம் ஆறுகளில் முதலை அருகிப்போனது. தோலுக்காகக் கொன்றார்கள், முட்டையை எடுத்தார்கள். 1975-இல் அரசு முதலைத் திட்டத்தைத் தொடங்கியது. முட்டைகளைப் பத்திரமாகப் பொரிக்க வைத்து, வளர்த்து, ஆற்றில் விட்டார்கள். மக்கர் பெருகியது. பிறகு விட இடமில்லாத அளவுக்குப் பெருகி, இனிப் பெருகாமல் பார்த்துக்கொள்ள வேண்டிய நிலை பண்ணைகளுக்கு வந்தது. ஆக இந்தக் குளத்தில் இருப்பது காப்பாற்றப்பட்டதும்தான், மாட்டிக்கொண்டதும்தான். இரண்டையும் சொல்லுங்கள். வண்டலூரில் எல்லோரும் ஓடிப்போய்ப் பார்க்கும் வெள்ளைப் புலியைப் பற்றியும் சொல்லுங்கள். அது தனி இனம் கிடையாது, வங்கப் புலியின் நிற மாற்றம். 1951-இல் ரேவாவில் பிடிபட்ட மோகன் என்ற குட்டியின் வழியில் நெருங்கிய உறவுக்குள்ளேயே சேர்த்துச் சேர்த்து வந்தவைதான் இன்று கூண்டுகளில் இருப்பவற்றில் பெரும்பாலானவை. அழகுதான். அந்த அழகுக்காக மனிதன் என்ன செய்தான் என்பதும் ஐந்தாம் வகுப்புக்குப் புரியும்.

எல்லோருக்கும் வண்டலூரும் வடநெம்மேலியும் எட்டாது என்று பின்வரிசையில் முணுமுணுப்பது கேட்கிறது. திருவண்ணாமலைப் பக்கத்துப் பள்ளிகள் சாத்தனூர் அணைக்குப் போகாமல் இருப்பதில்லை. உடுமலைப் பக்கம் அமராவதி, தர்மபுரிக்காரர்களுக்கு ஒகேனக்கல். மூன்று இடத்திலும் முதலைகள் இருக்கின்றன. சாத்தனூரில் வறுத்த மீனுக்கும் பூங்காவுக்கும் ஒதுக்கும் நேரத்தில் அரை மணியை முதலைக்குக் கொடுக்க முடியாதா? தாளையும் பென்சிலையும் பேருந்தில் ஏறியதுமே கொடுத்துவிடுங்கள். முதல் படம் அணை வருவதற்குள் முடிந்துவிடும். அதில் ஒரு கோடும் திருத்தாதீர்கள், "முதலைக்குக் கால் இப்படியா இருக்கும்?" என்று கேட்காதீர்கள். பெயர்ப் பலகையைப் பார்த்து எழுதச் சொல்லாதீர்கள். இரண்டாவது படத்தைத் திரும்பும் வழியில் வரையட்டும், பேருந்து குலுங்கிக் கோடு கோணினால் பரவாயில்லை. பெற்றோர் கூட்டத்தில் "ஒரே ஒரு மிருகமா காட்டினீங்க?" என்று யாராவது கேட்டால் அவருடைய பிள்ளையின் இரண்டு தாள்களையும் அவர் கையில் கொடுத்துவிட்டு, எது எப்போது வரைந்தது என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள்.

என் பேச்சு இவ்வளவுதான். ஓணானை வைத்து வகுப்பில் எப்படி நடத்துவது என்று காலையிலேயே ஒரு அம்மா கேட்டிருந்தார்கள். கேள்வி நேரத்தை அதிலிருந்து தொடங்கலாம்.